கரிசல் காட்டுச் சரக்கும் கடல்வழிச் சொற்களும்

அருப்புக்கோட்டையும் அதற்குக் கிழக்கே குண்டாற்றை ஒட்டிய திருச்சுழி வட்டாரமும் வானம் பார்த்த பூமியாகவே அறியப்பட்டாலும், இங்கு விளைவதிலும் உருவாவதிலும் ஒரு பகுதி கடல் கடந்து செல்வதற்கென்றே உரியது. நூற்பாலைகளில் கோன்களாகச் சுற்றப்படும் பருத்தி நூல், இரத்த அழுத்தத்துக்கும் புற்றுநோய்க்குமான மருந்துப் பொருள்களைத் தரும் நித்தியகல்யாணியின் வேரும் இலையும், வட்டார வழக்கில் அவுரி என்றும் உலகச் சந்தையில் திருநெல்வேலி சென்னா என்றும் வழங்கும் மலமிளக்கி இலை ஆகியவை அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. அருப்புக்கோட்டை வழியே செல்லும் 38-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை பந்தல்குடி, எட்டயபுரம் ஆகிய ஊர்களைக் கடந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டரில் தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தை அடைகிறது. சாலையில் சரக்கு எளிதாகவே நகர்கிறது. ஆனால் அச்சரக்குக்கான செலவு யாருடையது, அது கெட்டுப்போனால் இழப்பு யாருடையது, அதன் உரிமை யாருடையது என்னும் மூன்று வினாக்களுக்கும் வழிநெடுக விடை மாறிக்கொண்டே இருக்கிறது. இம்மூன்றும் ஒரே இடத்தில் கைமாறுவதில்லை. கடல்வழி வணிகத்தின் கலைச்சொற்களில் பெரும்பாலானவை இந்தக் கைமாற்றங்களை வரையறுப்பதற்காகவே பிறந்தவை என்பதால், அவற்றை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொரு சொல்லும் எந்த இடத்தில் எதைக் கைமாற்றுகிறது என்று பார்ப்பதே அவற்றை அறிவதற்கான நேர்வழி.

தூத்துக்குடியில் இன்றுள்ள ஆழ்கடல் துறைமுகம் 1974-இல் பெருந்துறைமுகமாக இயங்கத் தொடங்கியது. அதற்கு முன்பு கடற்கரை ஆழமற்றிருந்ததால் கப்பல்கள் சில மைல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, மூட்டைகள் தோணிகளில் ஏற்றப்பட்டு, அங்கே மீண்டும் தூக்கிக் கப்பலுக்குள் அடுக்கப்பட்டன. ஒவ்வொரு மூட்டையையும் பலமுறை மனிதக் கைகள் தொட்ட அந்த முறையை உலகெங்கும் மாற்றியது பெட்டகம் எனப்படும் கண்டெய்னர். 1956 ஏப்ரலில் மால்கம் மெக்லீன் என்னும் அமெரிக்க லாரி நிறுவன உரிமையாளர், ஐடியல் எக்ஸ் என்ற கப்பலில் 58 பெட்டகங்களை நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பியதே இதன் தொடக்கமாகக் கருதப்படுகிறது. பின்னர் பன்னாட்டுத் தர அமைப்பு அளவுகளை ஒருமுகப்படுத்தியதால், அருப்புக்கோட்டை ஆலை வாசலில் நிற்கும் பெட்டகம் ராட்டர்டாமின் பளுதூக்கியிலும் பிழையின்றிப் பொருந்துகிறது.

மிகுதியாகப் புழங்குபவை 20 அடி, 40 அடி நீளப் பெட்டகங்கள். 20 அடிப் பெட்டகத்தின் உட்கொள்ளளவு சுமார் 33 கனமீட்டர். உயரம் கூடிய 40 அடிப் பெட்டகத்தினுடையது சுமார் 76 கனமீட்டர். ஒரு 20 அடிப் பெட்டகத்தை ஓர் அலகாகக் கொண்டு கப்பல்களின் கொள்திறனையும் துறைமுகங்களின் ஆண்டுக் கணக்கையும் கூறுவர். அந்த அலகே டி.இ.யு. எனப்படுகிறது. 40 அடிப் பெட்டகம் ஒன்று இரண்டு டி.இ.யு. ஆகும்.

பெட்டகத்தின் கதவில் எழுதப்பட்டிருக்கும் எண்ணில் நுட்பமான ஓர் ஏற்பாடு உண்டு. முதல் மூன்று எழுத்துகள் உரிமையாளரையும் நான்காவது எழுத்து வகையையும் குறிக்க, அடுத்து ஆறு இலக்கங்களும், கட்டத்துக்குள் தனித்து ஏழாவது இலக்கமும் வருகின்றன. எழுத்துகளுக்கு நிர்ணயிக்கப்பட்ட மதிப்புகளையும் ஆறு இலக்கங்களையும் வரிசையாக 1, 2, 4, 8 என இரட்டித்துச் சென்று 512 வரையிலான எண்களால் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்தால் கிடைக்கும் மீதியே அந்த ஏழாவது இலக்கம். மீதி 10 ஆனால் சுழியம் இடப்படும். ஆவணத்தில் ஓர் எண் இடம் மாறித் தட்டச்சானாலும் மீதி பொருந்தாமல் பெரும்பாலும் அப்போதே பிழை வெளிப்பட்டுவிடும். ஆயிரக்கணக்கான ஒரே நிறப் பெட்டகங்கள் அடுக்கப்பட்ட முனையத்தில் சரக்கு தொலையாதிருப்பதற்கு இச்சிறு கணக்கும் ஒரு காரணம்.

ஒரே ஏற்றுமதியாளரின் சரக்கு முழுப் பெட்டகத்தையும் எடுத்துக்கொண்டால் அது எஃப்.சி.எல்., அதாவது முழுப் பெட்டகச் சரக்கு. பலருடைய சிறு சரக்குகள் ஒரு பெட்டகத்தைப் பகிர்ந்துகொண்டால் அது எல்.சி.எல். பகிர்வுச் சரக்குகளைச் சேர்த்து அடுக்கும் இடம், துறைமுகத்தை ஒட்டிய பெட்டகச் சரக்கு நிலையம். வணிகர்கள் அதை சி.எஃப்.எஸ். என்பர். பகிர்வுச் சரக்குக்கான கட்டணம் கனமீட்டர், டன் ஆகிய இரண்டில் எது மிகுதியோ அதன்படி விதிக்கப்படுகிறது. எடுத்துக்காட்டாக, 1.5 டன் எடையுள்ள இலைப் பொதிகள் 5 கனமீட்டர் இடத்தை அடைத்தால் கட்டணம் 5 அலகுக்கு உரியது. அதே பொதிகளை எந்திரத்தால் இறுக அழுத்தி 4 கனமீட்டராக்கினால், ஓர் இலையும் குறையாமலே கட்டணம் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. இலை வணிகத்தில் பொதி அழுத்தும் எந்திரத்துக்குள்ள மதிப்பு இதிலிருந்து விளங்கும். நூல் கோன்களும் இடத்தை மிகுதியாக அடைப்பவை. எடை வரம்பை எட்டுவதற்கு வெகு முன்பே பெட்டகம் நிறைந்துவிடுவதால் நூலுக்கு உயரம் கூடிய 40 அடிப் பெட்டகம் ஏற்றதாகிறது. கிரானைட் கல்லுக்கோ பெட்டகத்தின் பெரும்பகுதி வெறுமையாக இருக்கும்போதே எடை வரம்பு முடிந்துவிடும்.

காலிப் பெட்டகத்தை ஆலைக்கே வரவழைத்து அங்கேயே அடுக்கி முத்திரையிடுவது ஃபேக்டரி ஸ்டஃபிங் எனப்படுகிறது. இதில் கவனிக்க வேண்டிய பொறுப்பு ஒன்று உண்டு. கப்பல் நிறுவனம் உள்ளே இருப்பதைப் பார்ப்பதில்லை. ஆகவே தன் ஆவணத்தில் அடுக்கியதும் எண்ணியதும் முத்திரையிட்டதும் அனுப்புநரே என்று எழுதிவிடுகிறது. முத்திரை உடையாமல் சென்று, மறுமுனையில் பெட்டிகள் குறைந்திருந்தால், விடை சொல்ல வேண்டியவர் பெரும்பாலும் அனுப்புநரே. மேலும், 2016 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பன்னாட்டு விதியின்படி, சரிபார்க்கப்பட்ட மொத்த எடையை அனுப்புநர் அறிவிக்காத பெட்டகத்தைக் கப்பலில் ஏற்றக் கூடாது. நிறைந்த பெட்டகத்தை எடைமேடையில் நிறுத்தோ, பொருள், பொதிகட்டும் பொருள், காலிப் பெட்டகம் ஆகியவற்றின் எடைகளைக் கூட்டியோ இதனைக் கணக்கிடலாம். பொய்யான எடைகளால் பெட்டக அடுக்குகள் சரிந்தும் கப்பல்கள் நிலைகுலைந்தும் உயிர்கள் இடருக்குள்ளான அனுபவமே இவ்விதியின் பின்னணி.

உலர்ந்த நிலத்துச் சரக்குக்கு ஈரமே கொடிய பகை. இலையிலும் வேரிலும் மரப் பலகைகளிலும் எஞ்சியிருக்கும் ஈரம், பகல் வெப்பத்தில் ஆவியாகி, குளிர்ந்த கடற்பகுதியில் பெட்டகத்தின் கூரைத் தகட்டில் நீர்த்துளிகளாகப் படிந்து, பின் சரக்கின்மேல் சொட்டுகிறது. வெளியிலிருந்து ஒரு துளியும் நுழையாமலே பெட்டகத்துக்குள் மழை பெய்துவிடுகிறது. ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடுவது உதவும். ஆயினும் களத்தில் முழுமையாகக் காயவைப்பதற்கு ஈடான காப்பு வேறில்லை.

ஏற்றுமதிக்கு முதல் தேவை, வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்ககம் வழங்கும் ஐ.இ.சி. எண். சரக்கு அனுப்பும் ஏற்பாடுகளைக் கவனிப்பவர் சரக்கு அனுப்பு முகவர். சுங்கத் துறையின் முன் ஏற்றுமதியாளர் சார்பில் செயல்படுபவர் உரிமம் பெற்ற சுங்கத் தரகர். ஷிப்பிங் பில் என்பது ஏற்றுமதியாளர் சுங்கத்துக்குச் செய்யும் அறிவிப்பு. அதைச் சரிபார்த்து அதிகாரி ஏற்றுமதி அனுமதி ஆணை வழங்கிய பின்னரே பெட்டகம் கப்பலேறலாம். முனையத்துக்குள் பெட்டகம் வந்து சேர வேண்டிய கடைசி நேரம் கட்-ஆஃப் எனப்படுகிறது. அதைத் தவறவிட்ட பெட்டகம் அடுத்த கப்பலுக்குக் காத்திருக்கும்.

தூத்துக்குடியில் ஏறும் பெட்டகங்களில் பல நேரே ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ செல்வதில்லை. ஃபீடர் எனப்படும் சிறு கப்பல் அவற்றைக் கொழும்புக்குக் கொண்டுசெல்ல, அங்கே தாய்க்கப்பல் எனப்படும் பெருங்கப்பலுக்கு அவை மாற்றப்படுகின்றன; இதுவே மறுஏற்றம். அருப்புக்கோட்டை–தூத்துக்குடி நெடுஞ்சாலையிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரனார் 1906-இல் சுதேசி கப்பல் நிறுவனத்தைத் தொடங்கி, காலியா, லாவோ என்ற கப்பல்களை ஓட்டியதும் இதே தூத்துக்குடி–கொழும்புத் தடத்தில்தான். போட்டி நிறுவனமான பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணங்களைத் தாழ்த்தியே அவருடைய முயற்சியை நெருக்கியது. கடலில் கட்டணம் என்பது தொலைவை மட்டும் பொறுத்ததன்று, போட்டியையும் வலிமையையும் பொறுத்தது என்பதற்கு இதைவிட வேதனையான சான்று தமிழ்நாட்டு வரலாற்றில் அரிது. இன்றும் அடிப்படைக் கட்டணத்தின்மேல் எரிபொருள் கட்டணம், முனையக் கையாளல் கட்டணம், நெருக்கடிக் காலக் கூடுதல் கட்டணம் எனப் பல சேர்கின்றன. 2023-இன் இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, பெரும்பாலான நிறுவனங்கள் சூயஸைத் தவிர்த்து ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கின. பயணம் நீண்டது, கட்டணமும் உயர்ந்தது.

செலவும் இடரும் எங்கே கைமாறுகின்றன என்பதை வரையறுக்கும் விதித்தொகுப்பு இன்கோடெர்ம்ஸ். பாரிசைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு வணிகக் கழகம் 1936-இல் முதலில் வெளியிட்ட இத்தொகுப்பின் 2020 பதிப்பில் 11 விதிகள் உள்ளன. எக்ஸ் ஒர்க்ஸ் என்றால் ஆலை வாசலிலேயே விற்பவரின் கடமை முடிந்துவிடும். எஃப்.ஓ.பி. என்றால் தூத்துக்குடியில் சரக்கு கப்பலின்மேல் வைக்கப்படும்வரை செலவும் இடரும் விற்பவருடையவை, அதன்பின் வாங்குபவருடையவை. சி.ஐ.எஃப். என்றால் சென்றடையும் துறைமுகம்வரையிலான கப்பல் கட்டணத்தையும் காப்பீட்டையும் விற்பவரே செலுத்துகிறார். புதிதாக இறங்குவோர் பலரும் குழம்பும் இடம் இதுவே. எடுத்துக்காட்டாக, ஹாம்பர்க் துறைமுகம்வரை கட்டணம் செலுத்துவதால் அதுவரை இடரும் விற்பவருடையது என்று எண்ணுவது தவறு, சி.ஐ.எஃப். முறையிலும் தூத்துக்குடியில் கப்பலேறிய கணத்திலேயே இடர் வாங்குபவருக்குச் சென்றுவிடுகிறது. செலவு ஹாம்பர்க்கில் முடிய, இடர் தூத்துக்குடியிலேயே முடிகிறது.

பெட்டகச் சரக்குக்கு எஃப்.ஓ.பி.யைவிட எஃப்.சி.ஏ. என்ற விதியே பொருத்தமானது. பெட்டகம் முனையத்தில் ஒப்படைக்கப்பட்டபின் கப்பலேறச் சில நாட்கள் ஆகலாம். அந்நாட்களில் அது விற்பவரின் கண்ணிலும் இல்லை, கட்டுப்பாட்டிலும் இல்லை. எஃப்.ஓ.பி.யில் அந்த இடைவெளியின் இடரை அவரே சுமக்க, எஃப்.சி.ஏ.யில் குறித்த இடத்தில் ஒப்படைத்ததுமே இடர் நீங்குகிறது. இருந்தும் பழக்கத்தின் காரணமாக எஃப்.ஓ.பி.யே இன்றும் பரவலாக எழுதப்படுகிறது. சிறு ஏற்றுமதியாளர்கள் மாற்றிக்கொள்ள வேண்டிய பழக்கம் இது.

சி.ஐ.எஃப். விதி கோருவது, சரக்கு மதிப்பில் 110 விழுக்காட்டுக்கு, சி வகை விதிகளின்படியான குறைந்தபட்சக் காப்பீட்டை மட்டுமே. கப்பல் மூழ்குதல், தீ, மோதல் போன்ற பேரிடர்கள் அதில் அடங்கும். பெட்டகத்துக்குள் கடல்நீர் புகுவதால் வரும் சேதம் அடங்காது. மருந்திலை போன்ற சரக்குக்கு விரிவான ஏ வகையே வேண்டும். அதிலும் சரக்கின் இயல்பாலேயே விளைந்த சேதத்துக்கு இழப்பீடு கிடைக்காது என்பதால், சரியாகக் காயாத இலையைக் காப்பீடு காப்பாற்றாது. இனி, பொதுச் சராசரி என்றொரு பழமையான வழக்கம் உண்டு: கப்பலையும் சரக்கையும் பொது ஆபத்திலிருந்து மீட்பதற்காக வேண்டுமென்றே ஏற்கப்பட்ட இழப்பையும் செலவையும் கப்பல் உரிமையாளரும் எல்லாச் சரக்கு உரிமையாளரும் மதிப்பு விகிதப்படி பகிர்ந்துகொள்வதே அது. 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயை ஆறு நாட்கள் அடைத்து நின்ற எவர் கிவன் கப்பலில் இவ்வாறு அறிவிக்கப்பட்டது. அந்நிலையில் சேதமே அடையாத சரக்கின் உரிமையாளரும் பிணை அளித்த பின்னரே தம் பெட்டகத்தைப் பெற முடியும். காப்பீடு இருந்தால் அச்சுமையைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்கும்.

உரிமையைக் கைமாற்றுவது பி.எல். என்று வணிகர் சுருக்கிச் சொல்லும் கப்பல் ஏற்றுச்சீட்டு. அது ஒரே தாளில் மூன்று பணிகளைச் செய்கிறது: சரக்கைப் பெற்றதற்கான ரசீது, ஏற்றிச்செல்லும் ஒப்பந்தத்தின் சான்று, சரக்கின்மீதான உரிமை ஆவணம். வழக்கமாக மூன்று மூலப் பிரதிகள் வழங்கப்படும்; அவற்றில் ஒன்றை ஒப்படைப்பவருக்கே மறுமுனையில் சரக்கு கிடைக்கும். பெறுநர் பெயருக்குப் பதிலாக ஆணைப்படி என்று எழுதப்பட்டிருந்தால், சரக்கு நடுக்கடலில் இருக்கும்போதே பின்புறம் கையொப்பமிட்டு அதனை வேறொருவருக்கு விற்றுவிடலாம். வங்கியின் கடனுறுதிக் கடிதம், அதாவது எல்.சி., இந்த வலிமையை நம்பியே இயங்குகிறது: ஏற்றுச்சீட்டு வங்கியின் கையில் இருக்கும்வரை வாங்குபவர் பணம் செலுத்தாமல் சரக்கைத் தொட முடியாது. பொதிகள் நனைந்திருந்தன என்பதுபோல் ஏதேனும் குறிப்பு எழுதப்பட்டுவிட்டால் அது தூய ஏற்றுச்சீட்டு ஆகாது; வங்கி அதை ஏற்பதில்லை. அருகிலுள்ள நாடுகளுக்குக் கப்பல் விரைந்து சென்று, தாள்கள் பின்தங்குமானால், மூலப் பிரதிகளை ஏற்றும் துறைமுகத்திலேயே திருப்பி ஒப்படைத்துவிடும் சரண்டர் முறை உதவுகிறது. அவ்வாறு ஒப்படைத்ததும் சரக்கின்மேல் விற்பவருக்கிருந்த பிடி போய்விடுகிறது. ஆகவே பணம் கைக்கு வந்தபின்பே அதைச் செய்வது தக்கது. இந்தியாவில் இவ்வாவணத்தை ஆண்ட 1856-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2025-இல்தான் புதிய சட்டம் இயற்றப்பட்டது.

சென்று சேர்ந்தபின் இரு கட்டணங்கள் காத்திருக்கின்றன. இலவச நாட்கள் கடந்தும் நிறைந்த பெட்டகம் முனையத்திலேயே கிடந்தால் டெமரேஜ். வெளியே எடுத்துச்சென்ற பெட்டகத்தைக் குறித்த நாளுக்குள் காலியாகத் திருப்பாவிட்டால் டிடென்ஷன். இவை நாள்தோறும் ஏறுபவை. சந்தை விலை வீழ்ந்து வாங்குபவர் சரக்கை எடுக்க மறுத்தால் சில வாரங்களில் சரக்கின் மதிப்பையே விஞ்சிவிடக் கூடும். அப்போது கப்பல் நிறுவனம் ஏற்றுச்சீட்டில் அனுப்புநர் என்று எழுதப்பட்டவரைத் தேடி வருகிறது. பெரும்பாலான ஏற்றுச்சீட்டுகளின் பின்பக்க நிபந்தனைகள் அவரையும் இக்கட்டணங்களுக்குப் பொறுப்பாக்குகின்றன. முன்பணம் பெறுவது, வாங்குபவர் பணம் செலுத்தத் தவறும் இடரை ஏற்றுமதிக் கடன் உறுதிக் கழகத்திடம் காப்பீடு செய்வது, இலவச நாட்களை முன்கூட்டியே பேசிக் கூட்டிக்கொள்வது ஆகியவை பெட்டகம் ஆலை வாசலை விட்டுப் புறப்படும் முன் செய்யத்தக்கவை. கப்பலேறிய பின் இவற்றில் ஒன்றையும் செய்துகொள்வது எளிதன்று.