மேலே பறப்பதற்கு பாலிசி ரெடி... கீழே நிற்பவருக்கு?

கல்யாண வீட்டில் நம் தலைக்கு மேல் சுற்றுவது ஒரு காலத்தில் ஃபேன் மட்டும்தான். இப்போது முகூர்த்த நேரத்தில் 'கொய்ய்ங்' என்று ட்ரோன் வந்துவிடுகிறது. புரோகிதர் முதல் பொண்ணுக்குத் தாத்தா வரை எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். மூன்று முடிச்சும் ஒழுங்காக விழுந்ததா என்பது அந்த ட்ரோனுக்குத்தான் வெளிச்சம்!

சிரிப்பு இருக்கட்டும். ஒரு கிலோ யந்திரம் பந்திக்குக் காத்திருக்கும் கூட்டத்தில் விழுந்தால்?

மதுரைப் பக்கம் வீடியோ ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒரு தம்பியிடம் கேட்டேன். "அதெல்லாம் பக்காவா இன்ஷூரன்ஸ் போட்டிருக்கேன் சார்!" என்று பாலிசியை நீட்டினார். புரட்டினேன். ட்ரோன் உடைந்தால் பணம் வரும். திருடு போனால் வரும். யார் மண்டையாவது உடைந்தால்..? அந்தப் பேச்சே அதில் இல்லை!

"மண்டைக்கும் தனியாப் போடணுமா சார்?" என்றார் பரிதாபமாக.

போட்டே ஆக வேண்டும். 2021 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த ட்ரோன் விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. பைக்குக்கும் காருக்கும் 'தேர்டு பார்ட்டி' இன்ஷூரன்ஸ் எடுக்கிறோமே, அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் ஷரத்துகள்தான் இதற்கும். நம் வண்டி நொறுங்கினால் நம் தலையெழுத்து. நம்மால் அடிபட்டவனுக்கு நஷ்டஈடு போய்ச் சேரணும். அவ்வளவுதான் தத்துவம். 250 கிராமுக்கு உட்பட்ட 'நானோ' ட்ரோனுக்கு மட்டும் இதில் விலக்கு. ஆனால், கட்டாயமில்லை என்பதற்காகப் பொறுப்பும் இல்லை என்று அர்த்தமில்லை. குழந்தையின் கண்ணில் பட்டால் 249 கிராமும் பெரிய விஷயம்தான்!

பாலிசி மட்டும் இருந்தால் போதுமா? போதாது. ட்ரோனைப் பதிவு செய்து தனி அடையாள எண் வாங்கியிருக்க வேண்டும். 250 கிராமைத் தாண்டிய ட்ரோனைத் தொழிலுக்குப் பறக்கவிட, அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தின் பைலட் சான்றிதழ் வேண்டும். பத்தாவது பாஸ் செய்து 18 வயது நிரம்பியிருந்தால் பயிற்சிக்குப் போகலாம். "மச்சான், ரிமோட்டைக் கொஞ்சம் பிடி!" என்று யார் கையிலாவது கொடுத்து, அந்த நேரம் பார்த்து விபத்து நடந்தால், இன்ஷூரன்ஸ் கம்பெனி கேட்கும் முதல் கேள்வியே "பைலட் யாரு?" என்பதாகத்தான் இருக்கும். விதியை மீறிப் பறந்ததற்கு க்ளெய்ம் கிடைப்பது குதிரைக் கொம்பு. போதாக்குறைக்கு ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம் வேறு!

அடுத்தது, இடம். அரசின் 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்தில் ஊரையே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்திருக்கிறார்கள். பச்சையில் 400 அடி உயரம் வரை தாராளம். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடியோடு சரி. இன்னும் நெருங்கினால் அனுமதி வாங்காமல் அசையக்கூடாது. மீனம்பாக்கத்தை ஒட்டிய கிண்டி, வேளச்சேரி மண்டபக்காரர்கள் கவனிக்க! மந்திரி வருகிறார் என்றால், பச்சையாக இருந்த இடத்தையே 96 மணி நேரம் வரை தாற்காலிகச் சிவப்பாக்க போலீஸுக்கு அதிகாரம் உண்டு. அதனால் முதல் நாள் பார்த்ததோடு விடாமல், பறக்கிற அன்று காலையிலும் வரைபடத்தைப் பாருங்கள்.

வயலில் மருந்து தெளிக்கும் ட்ரோன்காரர்களுக்கு வேறு தலைவலி. காற்று திசை மாறி, மருந்து பக்கத்துத் தோட்டத்து மல்பெரி இலையில் படிந்தால் பட்டுப்புழு மொத்தமும் காலி. 'விபத்துக்குப் பணம் உண்டு' என்று பாலிசியில் போட்டிருப்பார்கள். மருந்துச் சாரலால் வரும் நஷ்டம் அதில் அடங்குமா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

ஏதாவது ஆகிவிட்டால்? ட்ரோனைப் பொறுக்கிக்கொண்டு நழுவாதீர்கள். 48 மணி நேரத்துக்குள் அரசுத் தளத்தில் தகவல் தர வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் உடனே சொல்லிவிடுங்கள்.

பொண்ணு வீட்டார், பிள்ளை வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. அட்வான்ஸ் கொடுக்கும்போதே பதிவு எண், பைலட் சான்றிதழ், தேர்டு பார்ட்டி பாலிசி என்று மூன்றையும் காட்டச் சொல்லுங்கள். "யாரு சார் இதையெல்லாம் கேக்கறாங்க?" என்று தலையைச் சொறிந்தால், தரையிலிருந்தே படம் எடுக்கச் சொல்லிவிடுங்கள். ஆல்பத்தில் ஒரு டாப் ஆங்கிள் குறைந்ததற்காக இதுவரை யாரும் கோர்ட்டுக்குப் போனதில்லை!