மீன்தொட்டிக்குக் குழாய்நீரைப் பக்குவப்படுத்தல்

கண்ணாடித்தொட்டியில் மீன் வளர்ப்போர் பலர், தொட்டியைக் கழுவிப் புதுநீர் நிரப்பிய மறுநாட் காலையில் மீன்கள் செத்து மிதக்கக் கண்டு, நோய் வந்ததென எண்ணுகின்றனர். சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் இவ்வாறே நாற்பது கப்பி மீன்கள் ஓரிரவில் மாண்டன. நாம் சென்று பார்த்தபோது நோயின் குறி எதுவுமில்லை. குழாயைத் திறந்து தொட்டி முழுவதையும் ஒரே தடவையில் நிரப்பியதே காரணம்.

கல்முனைக் கரையோரத்துக் குழாய்நீர், அம்பாறைக் கொண்டவட்டுவான் குளத்து நீரைச் சுத்திகரித்து அனுப்பப்படுவதாகும். கிருமிகளை ஒழிக்க அதிற் குளோரீன் சேர்க்கப்படுகின்றது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 1 மில்லிகிராம் வரை குளோரீன் எஞ்சியிருக்கலாம் என்பது இலங்கைத் தரநியமம். அவ்வளவு நமக்குத் தீங்கில்லை. மீனோ நீரைப் பூக்களின் வழியே செலுத்திச் சுவாசிப்பது. அம்மெல்லிய பூக்களைக் குளோரீன் சுட்டுவிடுகின்றது. மீன்கள் மேல்மட்டத்தில் வாய்பிளந்து திணறுவது இதனாலேயே.

ஆயின் கிணற்றுநீரே நன்றன்றோ எனச் சிலர் வினவுவர். 2004 டிசம்பர் 26 இற் கடல்கோள் இக்கரையோரக் கிணறுகளுள் உவர்நீரைப் புகுத்தியதை எவரும் மறவார். இன்றும் கடலை அண்டிய கிணறுகளில் உவர்த்தன்மை கோடையில் ஏறி, மாரியில் இறங்கும். திடீர் மாற்றம் மீனுக்கு ஆகாது. கிணற்றுக்கு வெளிற்றுத்தூள் இட்டிருப்பின் அந்நீரிலும் குளோரீன் இருக்கும். ஆகவே குளோரீனை நீக்கிய குழாய்நீரே நம்பத்தக்கது என்பது எமது கருத்து.

நீக்குவது எளிது. வாயகன்ற வாளியில் நீரைப் பிடித்து, நிழலில் ஒரு நாள் முழுதும் வைக்கவேண்டும். குளோரீன் காற்றிற் கலந்து போய்விடும். இடையிடையே கலக்கினாலும், காற்றுப்பம்பியால் குமிழி விட்டாலும் விரைந்து நீங்கும். ஒடுங்கிய வாயுள்ள குடமும் இறுக மூடிய போத்தலும் இதற்கு உதவா. வாளியின் வாயை மெல்லிய வலைத்துணியால் கட்டுதல் இன்றியமையாதது; டெங்கு நுளம்பு தெளிந்த நீரிலேயே முட்டையிடும். மீனுக்கு வைத்த நீர் வீட்டாருக்கு நோய் தரலாகாது. எஞ்சிய நீரைக் கிழமைக்கணக்கில் வைத்திராது செடிகளுக்கு ஊற்றிவிடுக.

அவசரமாயின் சோடியந் தயோசல்பேற்றுப் பளிங்கு 1 கிராம், 100 லீற்றர் நீருக்குப் போதும். கரைத்துக் கலக்கிய சில நிமிடங்களிற் குளோரீன் செயலிழந்துவிடும். வெளிநாட்டு நகரங்கள் சிலவற்றிற் குளோரீனுக்குப் பதிலாகக் குளோரமீன் இடுகின்றனர். அது ஒரு நாள் வைத்திருப்பதால் நீங்காது. அங்குள்ள நம் உறவினர் மருந்தையே நாடவேண்டும்.

பக்குவப்பட்ட நீராயினும் தொட்டி முழுவதையும் மாற்றலாகாது. மீனின் கழிவை நஞ்சகற்றும் நல்ல பற்றீரியாக்கள் மணலிலும் வடியிலும் வாழ்கின்றன. அவற்றைக் குழாய்நீரிற் கழுவினால் அவையும் மடியும். 60 லீற்றர்த் தொட்டியாயின் கிழமைக்கொரு முறை 15 லீற்றர் மாற்றினாற் போதும். புதுநீரும் தொட்டிநீரும் கைக்கு ஒரே சூடாய் இருத்தல் வேண்டும். நண்பகலிற் கூரைமேல் தாங்கியிலிருந்து வரும் நீர் வெந்நீர்போற் சுடும். முதல்நாள் மாலையிற் பிடித்து வைப்பதே நன்று.