இறுதிக்காலச் சிகிச்சையும் நோயாளர் விருப்பமும்

நமது சப்பிரகமுவத் தோட்டங்களில் முதியோர் நோயுற்று இரத்தினபுரிக்கோ கேகாலைக்கோ கொண்டுசெல்லப்படுங்கால், “என்னைக் குழாய்களோடு கிடத்தி வைக்காதீர்கள், வீட்டிலே கண்மூட விடுங்கள்” என்று மக்களிடம் கூறுதல் புதிதன்று. இவ்விருப்பத்தை வைத்தியர் புறக்கணித்தால் சட்டம் யாது செய்யும்?

இவ்வினாவுக்குக் கனடாவின் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்று 1990இல் தெளிவான விடையளித்தது. விபத்தில் நினைவிழந்த பெண்ணொருவரின் பையில் தமக்கு இரத்தம் ஏற்றலாகாதெனும் அட்டை இருந்தது. வைத்தியர் அதனை அறிந்தும், உயிர்காக்கும் நோக்குடன் இரத்தம் ஏற்றினார். அப்பெண் பிழைத்தெழுந்தார். எனினும், இசைவின்றி உடலைத் தீண்டியது தவறென 20,000 டொலர் நட்டஈடு வழங்கப்பட்டது. நல்லெண்ணம் இசைவுக்கு ஈடாகாதென்பதே அத்தீர்ப்பின் சாரம்.

இலங்கையில் இதற்கெனத் தனிச்சட்டம் இல்லை. உரோமன் டச்சுச் சட்டமே அடிப்படை. அதே சட்டம் வழங்கும் தென்னாபிரிக்காவில், வைத்தியசாலையிற் சேர்வதனால் ஒருவர் தம் உடல்மீதுள்ள உரிமையை இழப்பதில்லையென 1923இலேயே நீதிபதியொருவர் எடுத்துரைத்தார். 1992இல், நினைவு மீளாது கிடந்த வைத்தியர் ஒருவர் முன்னரே எழுதிவைத்த விருப்பத்தைக் கருத்திற்கொண்டு, செயற்கை உணவூட்டலை அவர்தம் மனைவி நிறுத்துவித்தல் சட்டவிரோதமன்று எனத் தீர்ப்பாயிற்று.

ஆயின் ஓர் இடர்ப்பாடு உண்டு. பேராசிரியர் பிரியானி சொய்சா வழக்கில், கவனயீனமே இழப்புக்குக் காரணமென நிறுவப்படாமையால் வழக்காளி நட்டஈடு பெறவியலாதென நமது உயர் நீதிமன்றம் 2001இல் தீர்த்தது. ஆயுள் நீண்டதை இழப்பென்று எங்ஙனம் நிறுவுவது? ஆதலின், பொருளிழப்பை வேண்டாது, ஆளின் கண்ணியத்துக்கு நேர்ந்த இழுக்கையே அடிப்படையாகக் கொள்ளும் வழக்கே இங்குப் பொருத்தமுடையதாகலாம்.

சிகிச்சையை மறுத்தல் வேறு. உயிரைப் போக்குமாறு கேட்டல் வேறு. தற்கொலைக்கு உடந்தையாதல் நமது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றமாகும். இந்திய உச்ச நீதிமன்றமும் 2018 மார்ச் 9இல் முன்விருப்ப ஆவணத்தை ஏற்றபோது இவ்வேறுபாட்டைப் பேணியது. அதற்கான நடைமுறையை 2023இல் எளிதாக்கியது.

தோட்ட மக்களுக்கோ மொழியும் ஒரு தடையாகும். விளங்காத மொழியிலுள்ள படிவத்தில் இட்ட கைந்நாட்டு உண்மையான இசைவாகுமா? ஆகவே, நம் பெற்றோர் தெளிவோடிருக்கும்போதே அவர்தம் விருப்பத்தைத் தமிழில் எழுதி, சாட்சிகள் முன் ஒப்பமிடுவித்து, பிரதியொன்றை வைத்தியரிடம் சேர்ப்பித்தல் நன்று. அத்தகைய தாளொன்றை எழுதிக்கொடுத்தல், இக்கல்லூரியிற் கற்ற நம் ஒவ்வொருவருக்கும் இயன்ற பணியேயாம்.