வணக்கம் சொல்லக் கற்பதே முதல் தொண்டு



பிற நாட்டு மக்களுக்குத் தொண்டாற்றப் புறப்படுகிறவர் தம் கல்வியையும் தொழிலறிவையும் சுமந்து செல்கிறார். போய்ச் சேர்ந்த அன்றே, அவ்வூர்ச் சிறுவர்க்கும் தெரிந்தவை தமக்குத் தெரியவில்லை எனக் காண்கிறார். பெரியவரை எவ்வாறு வணங்குவது? பிறர் வீட்டு வாசலில் நின்று எவ்வாறு அழைப்பது? கொடுக்க வந்தவர் முதலில் பெற்றுக்கொள்ள வேண்டியவராகிறார்.

கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள தான்சானியாவை எடுத்துக்கொள்வோம். அங்குப் பொதுமொழி சுவாகிலி. இளையவர் மூத்தவரைக் கண்டால் 'ஷிக்காமூ' என வணங்குவர். மூத்தவர் 'மரஹபா' என அதனை ஏற்பார். 'உம் பாதங்களைப் பற்றுகிறேன்' என்பதே முதற்சொல்லின் மூலப்பொருள் என்பர். நலம் விசாரியாது அலுவலைப் பேசத் தொடங்குவது அங்கே மரியாதைக் குறைவு. ஒரு வீட்டுக்குச் சென்றால் வாசலில் நின்று 'ஹோடி' எனக் குரல் கொடுக்க வேண்டும். உள்ளிருந்து 'கரிபு', அதாவது 'வருக', என்னும் விடை வந்த பின்னரே நுழையலாம்.

'போலே' என்பது மற்றொரு சொல். நோயுற்றவரிடமும், கால் இடறியவரிடமும், உழைத்துக் களைத்தவரிடமும் அதனைச் சொல்வர். தவறு செய்தவர் கேட்கும் மன்னிப்பு அன்று அது. 'உம் வருத்தத்தில் நானும் பங்கு கொள்கிறேன்' என்னும் பரிவு.

நேரம் சொல்வதிலும் வேறுபாடு உண்டு. சுவாகிலியில் பகற்பொழுதின் மணிக்கணக்கு சூரிய உதயத்திலிருந்து தொடங்குகிறது. நாம் காலை 7 மணி என்பது அவர்களுக்கு 1 மணி. நம் 9 மணி அவர்களுக்கு 3 மணி. இதனை அறியாத தொண்டர், காலை 9 மணிக் கூட்டத்திற்குப் பிற்பகல் 3 மணிக்குச் சென்று நிற்பார். நாழிகைக் கணக்கை உதயத்திலிருந்தே எண்ணிய நம் முன்னோர்க்கு இது புதுமையாகத் தோன்றியிராது.

இச்சிறு செய்திகள் எத்துணைப் பெரியவை என்பதை 1961-ஆம் ஆண்டின் இரு நிகழ்ச்சிகள் காட்டுகின்றன. அமெரிக்க அரசு அவ்வாண்டு 'அமைதிப் படை' என்னும் தொண்டர் அமைப்பை நிறுவியது. அதன் தொண்டர்களாகச் சுமார் 50 ஆசிரியர்கள் ஆகஸ்ட் 30 அன்று மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் விமானத்திலிருந்து இறங்கினர். இறங்கியதும் அம்மக்களின் 'துவி' மொழியிலேயே ஒரு நாட்டுப்பற்றுப் பாடலைப் பாடினர். வரவேற்க வந்தோர் உள்ளம் மகிழ்ந்தனர்.

அக்டோபரில், நைஜீரியாவின் இபாதான் நகரில் பயிற்சி பெற்றுவந்த ஓர் இளம்பெண் தொண்டர், அங்குள்ள வாழ்க்கை நிலையை இழித்துக் கூறித் தம் நாட்டு நண்பர் ஒருவருக்கு அஞ்சலட்டை எழுதினார். அது கல்லூரி மாணவர் கையில் அகப்பட்டது. படிகள் எடுத்துப் பரப்பப்பட, பெரும் எதிர்ப்பு மூண்டது. விடுதலை பெற்று ஓராண்டே ஆகியிருந்த நாடு அது. அப்பெண் மன்னிப்புக் கேட்டு, தாயகம் திரும்ப நேர்ந்தது.

இரண்டும் ஒரே அமைப்பின் தொண்டர்கள் செய்தவையே. ஒரு பாடல் கதவைத் திறந்தது. ஓர் அஞ்சலட்டை அதனை அடைத்தது.

தொண்டாற்ற அயல்நாடு செல்லும் பிள்ளைகள் உங்கள் இல்லத்தில் இருக்கலாம். அவர்கள் எழுதும்போது, 'அங்கே என்ன கற்பித்தாய்?' என்று மட்டும் கேளாதீர்கள். 'அவர்களிடம் என்ன கற்றாய்?' என்றும் கேளுங்கள். அவர்கள் வீட்டிற்கு எழுதுவது, அவ்வூரார் படித்தாலும் மனம் நோகாததாய் இருக்கட்டும்.