கணிதக் கருவிகளும் விளக்கவுரையும்

1, 2, 3 ஆகிய எண்களின் மாறற்றிறன் யாது? ஆர் மொழி 1 என்னும். பைதன் மொழியின் நம்பை நூலகம், இயல்பமைப்பில், ஏறத்தாழ 0.67 என்னும். இரண்டும் பிழையல்ல. விலகல் வர்க்கங்களின் கூட்டுத்தொகையாகிய 2ஐ முன்னது 2ஆலும் பின்னது 3ஆலும் வகுக்கின்றது. மாதிரியை ஆய்வோர்க்கு முன்னதும், முழுத்தொகுதியும் கைவசமுள்ளோர்க்குப் பின்னதும் பொருந்தும்.

இவ்வேறுபாட்டைத் துறைசார்ந்தோர் தொழின்மரபினால் அறிவர். ஐயுறின் அயலவரை வினவுவர். செயற்கை நுண்ணறிவு முகவர்களுக்கோ எழுத்திலுள்ள விளக்கவுரையே பிரதான ஆதாரம். வகுக்கும் எண்ணை அது கூறாதுவிடின், பொருந்தாத விடையையும் அவை தயக்கமின்றி வழங்கக்கூடும். எனவே உள்ளீடு, இயல்பெடுகோள், பயன்பாட்டெல்லை, சரிபார்த்த உதாரணம் ஆகிய நான்கும் விளக்கவுரையில் இடம்பெறல் வேண்டும்.

இதனை வெறும் தொழினுட்பச் சீர்மையாக நாம் கருதவில்லை. சிலரது வாய்மரபில் அடங்கிய அறிவு எழுத்தின் வழியே பொதுவுடைமையாகின்றது. முகவர்களுக்கெனத் தெளிவாக எழுதப்படுவது, வினவுதற்கு எவருமற்ற மாணவர்க்கும் உரியதாகும்.