பல்லும் சொல்லும்

‘பல் போனால் சொல் போச்சு’ என்பது தமிழர் வழக்கில் உள்ள பழமொழி. இதன் உண்மையை இலக்கணமும் உணர்த்துகிறது. மேற்பல்லின் அடியை நாவின் நுனி பொருந்தும்போது தகரமும் நகரமும் பிறக்கும் என்றும், மேற்பல்லும் கீழிதழும் இயையும்போது வகரம் பிறக்கும் என்றும் தொல்காப்பியத்தின் பிறப்பியல் விளக்குகிறது. பேச்சுக்கு மட்டுமன்றி, உணவை மெல்லுவதற்கும் முகத்தின் அமைப்புக்கும் பற்களே துணை.

ஆயினும், வாழ்வின் இரு பருவங்களில் பற்கள் புறக்கணிக்கப்படுகின்றன. குழந்தையின் பல்லில் சொத்தை தோன்றினால், ‘விழப்போகிற பல்தானே’ என்கிறோம். முதியவரின் பல் ஆடினால், ‘வயதானால் விழத்தானே செய்யும்’ என்கிறோம். இவ்விரு கூற்றுகளும் பிழையானவை என்பதைப் பல்லின் இயல்பை அறிந்தால் உணரலாம்.

சொத்தை உண்டாகும் முறை

பல்லின் மேற்புறத்தைப் போர்த்தியுள்ள எனாமல், மனித உடலிலேயே மிகவும் கடினமான பொருளாகும். எனினும் அதில் உயிருள்ள செல்கள் இல்லை. முறிந்த எலும்பு மீண்டும் கூடும். கிழிந்த தோல் மீண்டும் வளரும். குழிவிழுந்த எனாமலோ மீண்டும் வளர்வதில்லை.

பற்களின்மீது பாக்டீரியாக்கள் ஒட்டும்தன்மையுள்ள மெல்லிய படலமாகப் படிகின்றன. நாம் உண்ணும் சர்க்கரையை அவை அமிலமாக மாற்றுகின்றன. வாயின் பி.எச். மதிப்பு ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கும்போது எனாமலிலுள்ள தாதுக்கள் கரையத் தொடங்குகின்றன. பின்னர் உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணித்து, கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் பல்லுக்குத் திருப்பித் தருகிறது. இழப்பும் ஈடும் நாள்தோறும் நிகழ்கின்றன. இடைவிடாமல் இனிப்பைத் தின்றுகொண்டிருந்தால் ஈடுசெய்ய உமிழ்நீருக்கு நேரம் கிடைப்பதில்லை. ஆதலால், எவ்வளவு இனிப்பு உண்கிறோம் என்பதைப் போலவே, எத்தனை முறை உண்கிறோம் என்பதும் முதன்மையானது.

பாற்பற்கள்

குழந்தைக்கு ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் முதல் பல் முளைக்கிறது. மூன்று வயதுக்குள் 20 பாற்பற்களும் நிறைகின்றன. இவற்றுள் முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழத் தொடங்கினாலும், கடைவாய்ப் பாற்பற்கள் பத்து முதல் பன்னிரண்டு வயது வரை நிலைத்திருக்க வேண்டியவை. அவை முன்னதாகவே விழுந்துவிட்டால், அருகிலுள்ள பற்கள் அவ்விடத்திற்குச் சாய்கின்றன. நிலைப்பல் முளைக்க இடமின்றிக் கோணலாக வளர்கிறது. பாற்பல் என்பது நிலைப்பல்லுக்கு இடம்பிடித்து வைக்கும் காவலன் எனலாம். சொத்தை ஆழமானால் குழந்தையின் உணவும் உறக்கமும் படிப்பும் கெடுகின்றன.

இரவில் பால்புட்டியை வாயில் வைத்தபடி குழந்தையை உறங்கச் செய்வது தீங்கானது. உறக்கத்தில் உமிழ்நீர் குறைவாகச் சுரப்பதால், பாலிலுள்ள சர்க்கரை பற்களிலேயே தங்கிவிடுகிறது. முதல் பல் முளைத்த நாளிலிருந்தே அதனைத் துலக்க வேண்டும். மூன்று வயது வரை ஓர் அரிசி அளவும், அதன்பின் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவும் பற்பசை போதுமானது. ஏழெட்டு வயது வரை பெரியவர் ஒருவர் உடனிருந்து துலக்கிவிட வேண்டும்.

ஆறு வயதளவில் பாற்பற்களுக்குப் பின்னால் முதல் நிலைக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. எந்தப் பல்லும் விழாமல் அது முளைப்பதால், பலர் அதனையும் பாற்பல் என்று கருதிக் கவனியாது விடுகின்றனர். வாழ்நாள் முழுவதும் உழைக்க வேண்டிய அப்பல்லே பலருக்கு முதலில் சொத்தையாகிறது.

நீரும் பல்லும்

ஃபுளூரைடு எனாமலை வலுப்படுத்துகிறது. 1945ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரம், உலகிலேயே முதன்முதலாகக் குடிநீரில் அளவறிந்து ஃபுளூரைடைச் சேர்த்தது. ஆனால் அளவு மிகுந்தால் அதுவே கேடாகிறது. பல் உருவாகும் இளமைப் பருவத்தில் மிகுதியான ஃபுளூரைடு உடலில் சேர்ந்தால், பற்களில் வெண்புள்ளிகளும் பழுப்புக் கறைகளும் தோன்றுகின்றன. தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் இச்சிக்கல் நிலவியதால்தான், காவிரி நீரை வழங்கும் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டது. இத்தகைய கறையைத் துலக்காமையின் அடையாளம் என்று எண்ணிக் குழந்தையைக் கடிந்துகொள்வது முறையன்று.

முதுமையில் பற்கள்

முதுமை மட்டுமே பல்லை வீழ்த்துவதில்லை. நெடுநாள் கவனியாது விட்ட ஈறுநோயும் சொத்தையுமே வீழ்த்துகின்றன. பற்படலம் இறுகிக் காரையாகும்போது ஈறு வீங்கிக் குருதி கசிகிறது. நோய் முற்றினால், பல்லைத் தாங்கும் எலும்பும் கரைகிறது. இந்நோய் பெரும்பாலும் வலியின்றி வளர்வதால், பல் ஆடும்போதுதான் பலர் அதனை அறிகின்றனர்.

ஈறு கீழிறங்கினால் பல்லின் வேர் வெளிப்படும். வேரின்மீது எனாமல் இல்லாமையால் அங்கு எளிதில் சொத்தை உண்டாகிறது. இரத்த அழுத்தம் முதலியவற்றிற்காக உட்கொள்ளும் சில மருந்துகள் உமிழ்நீரைக் குறைப்பதும் இதற்குத் துணைபோகிறது. நீரிழிவு ஈறுநோயை வளர்க்கிறது. ஈறுநோயோ இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்குகிறது.

பல் இழந்த முதியவர் முதலில் கடலையையும் முறுக்கையும் தவிர்க்கிறார். பின்னர்க் காய்களையும் பழங்களையும் கைவிடுகிறார். முடிவில் கஞ்சியோடு நின்றுவிடுகிறார். உடல் நலிகிறது, பேச்சுக் குழறுவதால் பிறரோடு உரையாடவும் தயங்குகிறார். பல்செட் அணிவோர் அதனை நாள்தோறும் துலக்கி, இரவில் கழற்றி நீரில் இட்டுவைக்க வேண்டும். செங்கற்பொடி, கரித்தூள் போன்றவை பல்லைத் தேய்ப்பன; புகையிலை வாய்ப்புற்றுக்கே வழிவகுக்கும். வாயில் இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண் இருந்தால் மருத்துவரை அணுகுதல் இன்றியமையாதது.

எண்பதில் இருபது

ஜப்பான் நாட்டில் 1989ஆம் ஆண்டு ‘8020’ என்னும் இயக்கம் தொடங்கப்பட்டது. எண்பது வயதிலும் இருபது சொந்தப் பற்களேனும் நிலைத்திருக்க வேண்டும் என்பதே அதன் குறிக்கோள். இருபது பற்கள் இருந்தால் பெரும்பாலான உணவுகளை மென்று உண்ண இயலும். தொடக்கத்தில் பத்தில் ஒருவர்கூட எட்டாத அந்நிலையை, 2016ஆம் ஆண்டின் ஆய்வில் அவ்வயதினருள் பாதிப்பேருக்கு மேல் எட்டியிருந்தனர். முதுமையில் பல் விழுவது விதியன்று என்பதற்கு இதுவே சான்று.

காலையிலும் இரவு உறங்கும்முன்னும் இரண்டு நிமிடம் பல் துலக்குதல், உணவு வேளைகளுக்கு இடையில் இனிப்பைக் குறைத்தல், வலி வருமுன்னரே பல் மருத்துவரைக் காணுதல் ஆகியவை எல்லாப் பருவத்தினர்க்கும் பொதுவானவை. குழந்தையால் தானே நன்கு துலக்க இயலாது. கைநடுக்கமுள்ள முதியவராலும் இயலாது. இவ்விருவருக்கும் வீட்டிலுள்ள இளையோர் நாள்தோறும் சில நிமிடங்கள் உதவினால், அவர்தம் உணவும் உரையாடலும் காக்கப்படும்.