முகூர்த்தம் ஒரு முறைதான்... வீடியோ பத்திரமா?

திண்டிவனம் - புதுச்சேரி சாலையிலிருந்து பிரிந்து சென்றால், ஆரோவிலுக்கு அருகே இருக்கிறது இரும்பை. திருஞானசம்பந்தர் பாடிய மாகாளேஸ்வரர் கோயில் இருக்கும் ஊர். கடற்கரையோடு வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள். தை பிறந்துவிட்டால் இந்தப் பக்கத்து மண்டபங்களில் மேளச் சத்தம் ஓயாது. மேளம் ஓய்ந்த பிறகுதான் வீடியோ ஸ்டூடியோக்களில் வேலை சூடுபிடிக்கும்.

ஒரு கல்யாணத்துக்கு மூன்று கேமரா. வரவேற்பு, முகூர்த்தம் இரண்டும் சேர்த்து ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம் ஓடினால், மொத்தம் 12 மணி நேரக் காட்சி. விநாடிக்கு 100 மெகாபிட் தரத்தில் 4கே வீடியோ எடுத்தால், ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. ஆக, ஒரே கல்யாணத்துக்கு 540 ஜி.பி.!

இதை மூன்று எடிட்டர்கள் பிரித்துக்கொண்டு வேலை செய்யும்போது, எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் கை மாறிக்கொண்டே இருக்கும். காப்பி எடுக்கவே பாதி நாள் போகும். எது கடைசியாகத் திருத்தியது என்ற குழப்பம் வேறு. ஒருநாள் டிஸ்க் கை தவறி விழுந்தால், தாலி கட்டும் காட்சியே போய்விடும்.

எல்லாருக்கும் ஒரே குதிர்

இதற்குத் தீர்வாக வந்ததுதான் ‘நாஸ்’. கூட்டுக் குடும்பத்துக்கு ஒரே நெற்குதிர் இருப்பதுபோல, பல ஹார்டு டிஸ்க்குகள் அடங்கிய ஒரே பெட்டி. எல்லா கம்ப்யூட்டர்களும் லேன் கேபிள் வழியாக அதிலிருந்தே காட்சிகளை எடுத்து வேலை செய்யலாம்.

‘எத்தனை டி.பி. கொள்ளும்?’ என்று மட்டும் பார்த்து இதை வாங்கக் கூடாது. வேகத்தையும் கணக்கிட வேண்டும். 100 மெகாபிட் காட்சி ஒன்று ஓட, விநாடிக்கு 12.5 எம்.பி. தேவை. மூன்று எடிட்டர்களும் ஆளுக்கு மூன்று கேமரா காட்சிகளை ஒரே நேரத்தில் ஓட்டினால் 112.5 எம்.பி. சாதாரண 1 கிகாபிட் லேன் நடைமுறையில் தருவதே சுமார் 110 எம்.பி.தான். அதனால்தான் படம் திக்கித் திணறுகிறது.

2.5 கிகாபிட் அல்லது 10 கிகாபிட் லேனுக்கு மாறினால் திணறல் தீரும். ஆனால் நாஸ், ஸ்விட்ச், கம்ப்யூட்டர், கேபிள் என எல்லாமே அந்த வேகத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் பழசாக இருந்தாலும் மொத்தமும் அதன் வேகத்துக்கு இறங்கிவிடும். செலவு கட்டாதவர்கள், காட்சிகளின் சிறிய நகலான ‘ப்ராக்ஸி’யில் எடிட் செய்துவிட்டு, கடைசியில் மட்டும் ஒரிஜினலுக்கு மாறலாம்.

டிஸ்க்கிலும் கவனம் தேவை. நான்கு 8 டி.பி. டிஸ்க்குகளை ‘ரெய்டு 5’ முறையில் இணைத்தால் 24 டி.பி. கிடைக்கும்; ஒரு டிஸ்க் பழுதானாலும் காட்சிகள் தப்பும். ‘ரெய்டு 6’ என்றால் 16 டி.பி.தான், ஆனால் இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும். ‘எஸ்.எம்.ஆர்.’ வகை டிஸ்க்குகள் இந்த வேலைக்கு ஒத்துவராது. பழுதான டிஸ்க்கை மாற்றும்போது அவை மிகவும் மெதுவாகிவிடும். ‘சி.எம்.ஆர்.’ எனக் கேட்டு வாங்குவது நல்லது.

புயலும் ஒரு கணக்கு

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. இந்தக் கரையில் தரையோடு தரையாக நாஸ் பெட்டியை வைப்பது ஆபத்து. உயரமான, ஈரம் அண்டாத இடம் வேண்டும். உப்புக்காற்று உலோக இணைப்புகளை அரிக்கும் என்பதால் ஜன்னலோரம் கூடாது. மின்சாரம் போனால் நாஸைத் தானாகவே முறைப்படி அணைக்கும் யு.பி.எஸ்.ஸும் அவசியம்.

காப்பாற்றிய அம்மா

‘ரெய்டு இருக்கிறதே, பயமில்லை’ என நினைப்பதுதான் பெரிய தவறு. டிஸ்க் பழுதிலிருந்துதான் ரெய்டு காக்கும். யாராவது தவறுதலாக அழித்தால், அது எல்லா டிஸ்க்கிலும் சேர்ந்தே அழியும்.

பிக்ஸார் நிறுவனத்துக்கே இது நடந்தது. 1998ல், ‘டாய் ஸ்டோரி 2’ தயாரிப்பின்போது, தவறான ஒரு கட்டளையால் படத்தின் பெரும்பகுதி அழிந்துபோனது. பேக்கப் எடுத்துப் பார்த்தால், அதுவும் சரியாகப் பதிவாகியிருக்கவில்லை. குழந்தை பெற்று வீட்டிலிருந்தே வேலை பார்த்த கேலின் சுஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு நகல் இருந்தது. படம் பிழைத்தது.

அதனால்தான் ‘3-2-1’ என்கிறார்கள். மூன்று நகல்கள், இரண்டு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வேறு இடத்தில். 50 மெகாபிட் வேகத்தில் 540 ஜி.பி.யை கிளவுடில் ஏற்ற ஒரு நாள் ஆகும். அதற்குப் பதில், ஒரு ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்து வேறொருவர் வீட்டு அலமாரியில் வைத்தாலும் போதும். மாதம் ஒருமுறை அதைத் திறந்து, காட்சி ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

கல்யாண வீட்டாருக்கும் இதில் பங்கு உண்டு. அட்வான்ஸ் கொடுக்கும்போதே, ‘எத்தனை இடத்தில் காப்பி வைப்பீர்கள்? எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள்?’ என்று கேளுங்கள். எடிட் செய்யாத காட்சிகளையும் ஒரு டிஸ்க்கில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பாட்டை இன்னொரு நாள் போட்டுக்கொள்ளலாம். ஆசீர்வாதம் செய்யும் தாத்தாவின் முகத்தை மறுபடி படம் பிடிக்க முடியாது.